ஆள் கணக்கா, மெஷின் கணக்கா

மார்ச் 4, செவ்வாய்

பழைய சர்வர் இன்று இரண்டு தடவை படுத்துக்கொண்டது. இரண்டாவது தடவை படுத்தபோது ஒரு கட்டடத்தில் லிஃப்டுக்குள் ஆள் மாட்டியிருந்தார். கம்ப்ளெய்ண்ட் எடுக்கும் எங்கள் போன் அறையில் இருந்த பெண் விலாசம் தெரியாமல் பழைய நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். நான் ஓடிப்போய் பட்டனை அமுக்கி, அது எழுந்திருக்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

கம்பெனி முதலாளியான என் அண்ணன் கடைசியில் இறங்கி வந்தார். "புதுசு வாங்கிடலாம் பாப்பா. என்னென்ன வேணும்னு எழுதிக் குடு."

எனக்கு நாற்பத்து மூன்று வயது. இந்த ஆபீஸில் பத்தொன்பது வருடமாகக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்கிறேன். இன்னும் பாப்பா.

மாலையில் சர்வர் விற்பவர் வந்தார். சர்வர் மட்டும் போதாதாம். அதற்குள் நுழைய லைசென்ஸ் தனியாக வாங்க வேண்டும். "ஆள் கணக்குல வாங்கலாம், இல்ல மெஷின் கணக்குல வாங்கலாம்" என்றார். "ஆள் கணக்குன்னா அந்த ஒருத்தர் போன்ல வரட்டும், கம்ப்யூட்டர்ல வரட்டும், எதுல வந்தாலும் ஒரு லைசென்ஸ்தான். மெஷின் கணக்குன்னா அந்த மெஷின்ல பத்துப் பேர் மாத்தி மாத்தி உக்காந்தாலும் ஒண்ணுதான். உங்களுக்கு எது தோதுன்னு நீங்கதான் சொல்லணும்."

மார்ச் 6, வியாழன்

இரண்டு நாளாக எண்ணினேன். யார் எங்கே உட்கார்கிறார், எதிலிருந்து உள்ளே வருகிறார் என்று ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. லிஃப்ட் ரிப்பேர் செய்கிற ஒரு சின்னக் கம்பெனிக்குள் இவ்வளவு நடமாட்டம் இருப்பது எனக்கே இப்போதுதான் தெரிகிறது.

போன் அறையில் பதினோரு பேர், மூன்று ஷிஃப்ட், நான்கு மெஷின். அதை மெஷின் கணக்கில் வாங்கினால் நான்கோடு போயிற்று. மெக்கானிக்குகள் ஒன்பது பேர் நேர்மாறு. சைட்டில் நிற்கும்போது தன் போனிலிருந்து ரிப்போர்ட் போடுகிறார்கள், ஆபீஸ் வந்தால் கம்ப்யூட்டரில் பார்க்கிறார்கள். அவர்களுக்கு ஆள் கணக்கு. அண்ணன், அண்ணி, ஸ்டோர்காரர், நான் — இந்த நால்வருக்கும் ஆள் கணக்குதான் சரி. ஆக மெஷினுக்கு நான்கு, ஆளுக்குப் பதின்மூன்று. பதினேழு.

விற்பவருக்குப் போன் போட்டு அப்படியே ஒரு கொட்டேஷன் அனுப்பச் சொன்னேன். சுத்தமான கணக்கு. இவரிடம் காட்டினேன். இவர் அந்த ஒன்பதில் ஒருவர், என் வீட்டுக்காரர். "போன்ல ரிப்போர்ட் போட முடிஞ்சா சரி" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனார்.

மார்ச் 11, செவ்வாய்

அண்ணன் என் தாளின் மேல் குறுக்கே கோடு போட்டுவிட்டார்.

"மெக்கானிக்குக்கு எதுக்குப் போன்ல சர்வரு? வாசல்ல ஒரு மெஷின் போடு. சாயங்காலம் எல்லாரும் வந்து ரிப்போர்ட் போட்டுட்டுப் போகட்டும். போன் ரூம் நாலு, நம்ம நாலு, வாசல்ல ஒண்ணு, கைல உபரியா ஒண்ணு. மெஷின் கணக்குல பத்து. முடிஞ்சுது."

"பகல்ல ஒருத்தர் பாத்த கோளாறு சாயங்காலம்வரைக்கும் வேற யாருக்கும் தெரியாதே அண்ணா?"

"நோட்டுல எழுதிக்கிட்டு இருந்தோமே, அப்ப லிஃப்ட் ஓடலையா?"

இன்னும் பேசியிருப்பேன். பேசத்தான் வாயைத் திறந்தேன். அண்ணி பேனாவை மூடிக்கொண்டே சொன்னார்: "போன்லயே ரிப்போர்ட்டப் போட்டுட்டு உன் வீட்டுக்காரர் நேரா வீட்டுக்குப் போயிடறாரு. அந்தச் சவுகரியம் போயிடுமேன்னு கவலைப்படறியா?"

அவ்வளவுதான். சுயநலத்துக்காகப் பேசுகிறாள் என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் போதும், நான் வாயை மூடிக்கொள்வேன் என்று அந்தம்மாவுக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே எனக்கு அந்த வியாதி.

வெளியே வந்து தாளை நான்காகக் கிழித்துக் குப்பையில் போட்டேன். கோபம் அண்ணன் மேல். கிழித்தது என் கணக்கை.

மார்ச் 17, திங்கள்

அண்ணி ஒரு கடிதம் அடித்துக் கொண்டுவந்தார். "கணினிப் பொறுப்பாளரின் பரிந்துரையின்படி, மெஷின் கணக்கில் பத்து லைசென்ஸ் வாங்க முடிவு செய்யப்படுகிறது." கீழே என் பெயர்.

"நான் இதைப் பரிந்துரைக்கலையே அண்ணி?"

"ஃபைலுக்கு ஒரு காகிதம் வேணும். அதையும் பிரச்சனையாக்காத."

போட்டேன் கையெழுத்து. ஏன் போட்டேன்? மதியம் சாப்பாட்டு நேரம், பசி, சண்டை போடச் சோம்பல் — இவ்வளவுதான் காரணம். பெரிய காரணம் ஏதாவது இருந்தால் எழுதியிருப்பேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

புது சர்வர் ஓடுகிறது. சத்தமே இல்லை. ஒன்பது மெக்கானிக்குகளின் போன்களையும் ஒவ்வொன்றாக நானே வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினேன்.

முதல் போன் நெட்டையிடமிருந்து வந்தது. ஸ்டூல் போடாமலே லிஃப்ட் கூரையைத் தொடுகிறவன் என்பதால் வந்த பெயர். அவன் பெண்டாட்டியே அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

"அக்கா, ஏப்ரல் ஒண்ணுன்னு விளையாடறீங்களா? போன்ல உள்ளயே விடமாட்டேங்குது."

"விளையாட்டு இல்லப்பா. இனிமே சாயங்காலம் வாசல் மெஷின்லதான்."

"ஒம்போது பேருக்கு ஒரு மெஷினா? கல்யாண வீட்டுல பாத்ரூம் மாதிரி நிக்கணுமே!"

சிரித்துவிட்டேன். அவனிடம் பேசினால் சிரிக்காமல் இருக்க முடியாது.

ஏப்ரல் 9, புதன்

வாசல் மெஷினில் ஏழு பேர் வரிசை. இரண்டு பேர் "நாளைக்குப் போட்டுக்கறோம்" என்று போய்விட்டார்கள். எல்லார் சட்டைப் பையிலும் சைட்டில் பார்த்ததைக் குறித்துவைத்த சீட்டு.

ஏப்ரல் 24, வியாழன்

அண்ணியின் சுற்றறிக்கை: மெக்கானிக்குகள் போன் அறைக்கு அனாவசியமாகப் பேசக் கூடாது, கம்ப்ளெய்ண்ட் லைன் பிஸியாகிறது. போனிலும் போட முடியாது, போன் பண்ணியும் சொல்லக் கூடாது. புறா வளர்க்கலாமா என்று நெட்டை கேட்டான்.

மே 8, வியாழன்

மறுபடி அண்ணனிடம் சொன்னேன். ரிப்போர்ட்டுகள் ஒரு நாள், இரண்டு நாள் தாமதமாக ஏறுகின்றன. போன் அறையில் திரையில் பார்ப்பது எல்லாம் பழசு என்றேன். "ஆறு மாசம் போகட்டும் பாப்பா, பாக்கலாம்" என்றார்.

ஒன்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். லைசென்ஸ் பூட்டு மாதிரி கிடையாது. நான் அந்த ஒன்பது போன்களையும் மறுபடி உள்ளே விட்டால் சர்வர் மூச்சுக்கூட விடாது. காகிதத்தில்தான் தப்பு. யாராவது வந்து எண்ணிப் பார்த்தால்தான் தப்பு. இரண்டு தடவை போன்களை உள்ளே விடும் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு தடவையும் மூடிவிட்டேன். நான் ஒழுங்கானவள் அல்லவா.

மே 22, வியாழன்

நெட்டைக்கு அடி. கால். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். இவர் எதிர் பெஞ்சில். இவர் சட்டைப் பையில் அந்தச் சீட்டு இருக்கு. நான் பாத்தேன். காலைல பத்து இருபதுன்னு போட்டிருக்கு. பத்து இருபது. ஐயோ.

மே 23, வெள்ளி

நிதானமாக எழுதிப் பார்க்கிறேன்.

நேற்றுக் காலை இவர் ஒரு எட்டு மாடிக் கட்டடத்துக்கு மாதாந்தரச் சோதனைக்குப் போனார். இரண்டாம் நம்பர் லிஃப்டில் பிரேக் கட்டை தேய்ந்து போயிருந்தது. மெயின் ஸ்விட்சை அணைத்து, 'ஓட்டக் கூடாது' என்று பலகை மாட்டி, வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு, சீட்டில் எழுதிப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த சைட்டுக்குப் போய்விட்டார். சாயங்காலம் வாசல் மெஷினில் ஏற்ற வேண்டும். அதுதான் சட்டம்.

மதியம் குடியிருப்பவர்கள் வாட்ச்மேனைப் பிடுங்கி எடுத்திருக்கிறார்கள். அவர் பலகையைக் கழற்றி ஸ்விட்சைப் போட்டுவிட்டார். இரண்டரை மணிக்கு லிஃப்ட் மூன்றாவது மாடிக்கும் நான்காவதுக்கும் நடுவில் நின்றது. உள்ளே ஒரு பெண். கம்ப்ளெய்ண்ட் வந்தது. போன் அறையில் திரையைப் பார்த்தார்கள். கடைசி வரி ஏப்ரல் மாதத்து வரி: 'எல்லாம் சரி.' பக்கத்தில் இருந்தவன் நெட்டை. அவனை அனுப்பினார்கள்.

அவன் எதையும் தப்பாகச் செய்யவில்லை. கரண்டை நிறுத்திவிட்டுத்தான் நான்காவது மாடிக் கதவைத் திறந்து லிஃப்டின் கூரைமேல் இறங்கினான். கரண்ட் நின்றால் பிரேக் பிடிக்க வேண்டும். அவன் கூரைமேல் கால் வைக்கும்வரை பிடித்தது, பிறகு நழுவிவிட்டது. எல்லாரும் லிஃப்ட் கீழே விழுந்தது என்று பேசிக்கொள்கிறார்கள். விழவில்லை. உள்ளே ஒருத்தி, மேலே ஒருவன். இரண்டு பேர் எடையைவிட கயிற்றின் மறுமுனையில் தொங்கும் எதிர் எடை அதிகம். அதனால் லிஃப்ட் மேலே நகர்ந்தது என்று இவர் சொன்னார். மெதுவாகத்தான் நகர்ந்திருக்கும் என்றார். மெதுவாக. கூரை விளிம்புக்கும் வாசல் படிக்கும் நடுவில் அவன் வலது கால்.

உள்ளே இருந்த பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மே 26, திங்கள்

அண்ணன் என்னைத் தனியாக அறைக்குக் கூப்பிட்டார். கண் வீங்கியிருந்தது. அவரும் தூங்கவில்லை. கல் நெஞ்சுக்காரர் இல்லை என் அண்ணன், அதுதான் கஷ்டம்.

"மாப்ள ஒரு போன் பண்ணிச் சொல்லியிருக்கலாம்ல பாப்பா?"

"பண்ணக் கூடாதுன்னு அண்ணி எழுதி ஒட்டியிருக்காங்களே?"

"அனாவசியமான்னுதானே எழுதியிருக்கு? இது அவசியம்தானே?"

அதுவும் உண்மை. இவரே அதைத்தான் நான்கு நாளாகச் சொல்லிச் சொல்லிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்.

அரசாங்கத்திலிருந்து பாதுகாப்பு அதிகாரி விசாரிக்க வருகிறார். அண்ணன் சொல்வது இதுதான்: மெக்கானிக்கின் கவனக்குறைவு என்று போகட்டும். மாப்ளயை இரண்டு மாதம் நிறுத்தி வைத்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்ளலாம். நம்ம குடும்பத்து ஆள், புரிந்துகொள்வார். "இல்லன்னா லைசென்ஸ் எதுக்கு மாத்தினீங்கன்னு கேப்பாங்க. ஃபைல்ல உன் கையெழுத்து இருக்கு. உன்னை இழுக்க வேண்டாம்னுதான் பாக்கறேன்."

பாசத்தோடுதான் சொன்னார். அந்தப் பாசத்தைக் கேட்டுக்கொண்டே எழுந்து வெளியே வந்தேன்.

ஜூன் 3, செவ்வாய்

அதிகாரி ஒரு பெண்மணி. மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதுகிறார். அவசரமே இல்லை.

"சைட்லேர்ந்தே போன்ல ரிப்போர்ட் போடற வசதி இருந்துச்சாமே. எப்ப நின்னுது?"

"சர்வர் மாத்தினப்போ மேடம்."

"ஏன்?"

"லைசென்ஸ் மெஷின் கணக்குல வாங்கினோம். போன்களுக்கு வாங்கலை."

"யாரோட முடிவு?"

அண்ணன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணி ஃபைலைத் திறந்து, கடிதம் தெரிகிற மாதிரி மேஜைமேல் திருப்பி வைத்தார்.

"என் பரிந்துரைதான்" என்றேன். "ஆனா மெக்கானிக் உடனே தெரிவிச்சிருக்கணும்."

மெக்கானிக். என் புருஷன் பெயரைக்கூடச் சொல்லவில்லை. அவர் பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தார். நடுவில் இருப்பது பலகைத் தடுப்பு. இருமினால்கூடக் கேட்கும்.

ஜூன் 4, புதன்

நிறுத்தி வைத்த உத்தரவு இவர் கைக்கு வந்தது. படித்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஜூன் 5, வியாழன்

துணி மடித்துக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன். திட்டுங்கள் என்றேன். திட்டினால் நன்றாக இருக்கும் போலிருந்தது.

"எனக்காகப் பேசலைன்னு எனக்குக் கோவம் இல்ல" என்றார். "நான் போன் பண்ணியிருக்கணும். அது என் தலைல எழுதினது, அதை நான் பாத்துக்கறேன். ஆனா மெக்கானிக் தப்புன்னு எழுதிட்டா மெக்கானிக்கோட முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தம். நாளைக்கும் மிச்சப்பேரு சீட்டைப் பைல வெச்சுக்கிட்டு ஏறி இறங்கிட்டுத்தான் இருப்பாங்க. இன்னிக்கும் இருக்காங்க. நீதானே வாசல் மெஷினைப் பாக்கற?"

ஆமாம். இன்றைக்கும் ஆறு பேர் நின்றார்கள்.

ஜூன் 6, வெள்ளி

ஆஸ்பத்திரிக்குப் போனேன். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நெட்டையின் மனைவி கதவுக்கு வெளியிலேயே என்னை நிறுத்தினாள்.

"உங்க வீட்டுக்காரர் கோளாறைப் பாத்துட்டு எழுதாம விட்டுட்டாருன்னு ஆபீஸ்ல சொல்றாங்க. நெசமா?"

"எழுதினாரும்மா. சீட்டுல எழுதினாரு. கம்ப்யூட்டர்ல ஏத்த வழி இல்லாம இருந்துச்சு."

"வழி இல்லாமன்னா?"

"நான்தான் மூடினேன்."

என்னைப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். "அதை ஏங்க என்கிட்ட சொல்றீங்க?" என்றாள். "சொல்ல வேண்டிய இடத்துல சொன்னீங்களா?"

கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஜூன் 11, புதன்

லீவு போட்டுவிட்டு அதிகாரியின் ஆபீஸுக்கு நானே போனேன். இரண்டு மணி நேரம் பெஞ்சில் காத்திருந்தேன். முதல் நாள் சொன்னது பாதிப் பொய் என்றேன். பதினேழு கணக்கு, அண்ணன் கோடு போட்டது, பத்து, சுற்றறிக்கை, கடிதத்தை அண்ணி அடித்தது, நான் படித்துப் பார்த்துவிட்டே கையெழுத்துப் போட்டது — எல்லாம் சொன்னேன்.

"அந்த முதல் தாள் எங்க?"

"கிழிச்சிட்டேன்."

பேனாவைக் கீழே வைத்தார். "இங்க இருக்கறது உங்க கையெழுத்து மட்டும்தான். இப்ப நீங்க எழுதிக் குடுத்தா முதல்ல உங்க மேலதான்மா வரும்."

"வரட்டும் மேடம்."

பேனாவை மறுபடி எடுத்தார். "சர்வர் வித்தவர்கிட்ட முதல்ல ஒரு கொட்டேஷன் கேட்டிருப்பீங்களே. அது தேதியோட இருக்குமே?"

இருக்கும். மார்ச் ஆறு. எனக்கு அது தோன்றவே இல்லை. பத்தொன்பது வருடமாகக் கம்ப்யூட்டரோடு மாரடிக்கிறேன், எதிலும் பழசு எங்கேயாவது தங்கியிருக்கும் என்று எனக்குத் தெரியாதா? குற்றத்தைத் தேடுகிறபோது மட்டும்தான் நம் மூளை வேலை செய்கிறது. அதிலிருந்து மீளும் வழியைத் தேட மறந்துவிடுகிறது.

ஜூன் 13, வெள்ளி

"நீ இனிமே வர வேண்டாம்" என்றார் அண்ணன். பாப்பா என்று சொல்லவில்லை. சாவிகளை ஸ்டோர்காரரிடம் ஒப்படைத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார்.

அம்மா அண்ணன் வீட்டிலிருந்து போன் செய்தாள். "கூடப் பொறந்தவனைக் காட்டிக் குடுத்துட்டியேடி. உனக்கு நல்லது கெட்டதுன்னா யாருடி வந்து நிப்பா?" இருபது நிமிடம் அழுதாள். அந்த இருபது நிமிடத்தில் நெட்டையின் காலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் எடுத்துச் சொல்லவில்லை.

ஜூலை 2, புதன்

சர்வர் விற்பவர் போன் செய்தார். அதிகாரியின் உத்தரவு வந்துவிட்டதாம்: மெக்கானிக்குகள் சைட்டிலிருந்தே பதிவு செய்ய வழி இருக்க வேண்டும். மொத்தத்தையும் மாற்றி வாங்கியிருக்கிறார்கள். "மெஷினுக்கு நாலு, ஆளுக்குப் பதிமூணு. நீங்க மார்ச்ல கேட்ட அதே கணக்குங்க, ஒண்ணுகூட மாறலை!" என்றார். நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்துத்தான் சொன்னார், பாவம்.

உத்தரவில் நிர்வாகத்தின் தவறு என்று ஒரு பத்தி. சம்மதமில்லாததைச் சம்மதித்ததாகக் கையெழுத்திட்டவர் என்று எனக்கு இரண்டு வரி. சரியாகத்தான் எழுதியிருக்கிறார். இவருக்கு எச்சரிக்கை.

ஜெயித்துவிட்டேனா? யாராவது சொன்னால் தேவலை.

ஜூலை 21, திங்கள்

இவர் அங்கே திரும்பிப் போகவில்லை, வேறு கம்பெனியில் சேர்ந்தார். இருபத்திரண்டு வருட அனுபவம். அங்கே 'புது ஆள்'. ஒரு சோதனை முடிந்தால் சீட்டு எழுதுகிறார், ரிப்போர்ட் போடுகிறார், போனும் செய்து சொல்கிறார். மூன்றும். தூக்கத்தில்கூட விரல் எதையோ அமுக்குகிறது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

கண்ணாடிக் கடையில் பில் போடும் வேலை கிடைத்தது. மத்தியானம் அண்ணன் எதிர்ப்பக்கம் சாலையைக் கடக்க நின்றார். என்னைப் பார்த்தார். இளைத்திருந்தார். சிக்னல் விழுந்தது. அவர் கடக்கவில்லை, வந்த வழியே திரும்பிப் போனார்.

செப்டம்பர் 15, திங்கள்

காலை பதினொரு மணிக்குக் கடைக்குப் போன் வந்தது. ஆபீஸ் நம்பர். எடுக்கலாமா என்று யோசித்துத்தான் எடுத்தேன்.

"அக்கா, நான்தான்."

நெட்டை. நான்கு மாதத்தில் முதல் தடவை. எப்படி இருக்கே என்று நான் கேட்பதற்குள் அவனே தொடர்ந்தான்.

"போன் ரூம்ல போட்டிருக்காங்கக்கா. இன்னிக்குத்தான் முதல் நாள், காலை ஷிஃப்ட். ஒரு சந்தேகம். உங்களைத் தவிர இங்க யாருக்கும் தெரியல."

"சொல்லுப்பா."

"ஆள் கணக்குல என் பேர்ல ஒரு லைசென்ஸ் இருக்காம். போன் ரூமுக்கு அது வேணாமாம். உங்களோடது, அண்ணனோடது ரெண்டையும் ஏற்கெனவே மாத்திட்டாங்க. என்னுதை எடுத்துப் புது மெக்கானிக்குக்குப் போடணும். அதை எப்படி மாத்தறது?"

அண்ணன் என்றது இவரை.

"நான் இப்ப மெஷின் கணக்குல வந்துட்டேன்" என்றான். சிரித்த மாதிரிதான் இருந்தது. எனக்கு ஈடு கொடுத்துச் சிரிக்க வரவில்லை.

சொல்லிக்கொடுத்தேன். எந்த லிஸ்ட், எத்தனையாவது வரி, எதை அமுக்க வேண்டும் என்று. அவன் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிக்கொண்டே செய்தான். உன் பெயரை அழி என்று சொல்ல வேண்டிய இடம் வந்தது. அவனே, "அழிக்கணும், அவ்வளவுதானே? அழிச்சிட்டேன்" என்றான். புதுப் பையனின் பெயரை எழுத்துக் கூட்டி அடித்தான்.

"வந்துருச்சுக்கா."

"நெட்டை —"

"லைன் அடிக்குதுக்கா."

ரிசீவரை வைக்காமல் மேஜைமேல் போட்டுவிட்டான் போலிருக்கிறது. இன்னொரு போனை எடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவன் குரல், நிதானமாக, யாரிடமோ:

"பயப்படாதீங்கம்மா, கதவைத் தொடாதீங்க. உள்ள எத்தனை பேர் இருக்கீங்க?"